இரண்டு பக்கமும் நெட்வொர்க்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மூத்த மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டாரும் நலம். மெத்தைக் கடையும் ஒருவாறு நலம். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கிப் போடுங்க" என்று நீங்கள் சிபாரிசு செய்த, கடைப் போனையும் பட்டறைப் போனையும் இணைக்கிற கேட்வே பெட்டிகள் இரண்டும்தான் நலமாக இல்லை.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. 'அண்ணன் தம்பி மெத்தை நிலையம்' என்று பலகை எழுத வந்த பெயின்டர், அண்ணனைத் தாராளமாக எழுதிவிட்டு, இடம் போதாமல் தம்பியை மூலையில் போட்டு நசுக்கிவிட்டார். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவன்தான் உங்கள் சின்ன மைத்துனன். தெருவுக்கு அந்தப் பக்கம் பட்டறையில் அவன், இந்தப் பக்கம் கடையில் நான். ரோஷத்தில் பட்டறைக்கென்று தனிப் போன் எக்ஸ்சேஞ்சு வேறு வைத்துக்கொண்டான். எங்களுக்குள் மிச்சமிருந்தது இரண்டு எக்ஸ்சேஞ்சையும் சேர்த்த அந்தப் போன் லைன் ஒன்றுதான். நான் "ஆறடிக்கு நாலடி" என்பேன், அவன் "சரி" என்பான். வேறு பேச்சு கிடையாது. அந்தப் பழைய இணைப்பும் இடி இடித்ததில் போய்விட்டது.

புதுப் பெட்டிகளை மாட்ட வந்த டெலிபோன்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் வந்ததும் வராததுமாக, "ரெண்டு பெட்டியும் பேசிக்கறதுக்கு சிக்னலிங் செட் பண்ணணும் சார். ஒரு பக்கம் நெட்வொர்க், ஒரு பக்கம் யூசர். நெட்வொர்க் பக்கம் தாளம் போடற மாதிரி நேரம் குடுக்கும், யூசர் பக்கம் அதைப் பார்த்து நடந்துக்கும். உங்களை எதுல போடட்டும்?" என்றார். இதெல்லாம் ஒரு கேள்வியா? மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, அவனைப் பார்த்தா நான் நடந்துகொள்வது? நெட்வொர்க் என்று போடச் சொல்லிவிட்டேன். மனிதர் தெருவைக் கடந்து பட்டறைக்குப் போயிருக்கிறார். "அங்க என்ன வெச்சீங்க?" என்று இவன் கேட்டிருக்கிறான். சொல்லியிருக்கிறார். "எப்பவும் அவர்தானா? இங்கயும் அதையே வைங்க" என்றிருக்கிறான். ரெண்டு பக்கமும் அதிகாரம் பண்ணினால் லைன் எழுந்திருக்காது என்று அவர் தொண்டை வறள எடுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பெட்டியில ஒரு கோளாறும் இல்லை சார். யாராவது ஒருத்தர் மாத்திக்குங்க" என்று கம்ப்யூட்டரில் எங்கே அமுக்க வேண்டும் என்பதையும் காட்டிவிட்டுப் போய்விட்டார். சிவப்பு விளக்கு எரிந்தபடி இருக்கிறது.

செல்லில் கூப்பிட ரெண்டு பேருக்கும் ரோஷம் விடவில்லை. இப்போது ஆர்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நம் பஞ்சடைக்கிறவர். அவருக்கு அடிக் கணக்கெல்லாம் மனதில் நிற்காது. கையை விரித்து அளவு வாங்கிக்கொண்டு அப்படியே தெருவைக் கடக்கிறார். எதிரே சைக்கிள் வந்தால் கை சுருங்குகிறது, மெத்தையும் சுருங்குகிறது. மெத்தை வாங்கிய விடுதிக்காரர் போனில் கத்துகிறார், படுத்தவர்கள் காலெல்லாம் அந்தரத்தில் நிற்கிறதாம். போன வாரம் தெரிந்தவர் யாரோ வழியில் கிடைக்க, இவர் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வந்தது தலையணை. இதையெல்லாம் யாரிடம் சொல்லி அழுவது? உள்ளதைச் சொன்னால், மெத்தை சுருங்கினது கூடப் பெரிசில்லை மாப்பிள்ளை. அந்த ஒரு 'சரி'யாவது தினம் காதில் விழுந்துகொண்டிருந்தது, அதுவும் இல்லையென்று ஆனது மனசுக்கு என்னவோ போல இருக்கிறது.

ஆகவே நீங்கள் அவனுக்கு நாலு வரி எழுதி, பெரியவருக்கு விட்டுக்கொடு, யூசராகவே இரு, அதில் ஒன்றும் குறைந்துவிடாது என்று புத்தி சொல்ல வேண்டும். நான் எழுதச் சொன்னதாகத் தெரியவே கூடாது.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, தீர்க்காயுசாக, முக்கியமாக ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொண்டு இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, கம்ப்யூட்டரில் நானே அமுக்கி யூசராகிவிட்டேன். அப்போதும் சிவப்பு. டெலிபோன்காரரைக் கூப்பிட்டேன். அவர் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே பார்த்துவிட்டு, "என்ன சார் இது, இப்ப நீங்களும் யூசர், அவரும் யூசர். அவர் காலையிலயே மாத்திட்டாரே" என்றார். அப்படியே எழுந்து தெருவில் இறங்கினேன். எதிரே அவன் வருகிறான். நடுத்தெருவில் நின்று, "அண்ணே, நீங்களே நெட்வொர்க்கா இருங்க" என்றான். "நீ இருடா" என்றேன். "முடியாது, நீங்கதான்" என்றான். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டார். இன்னும் முடிவாகவில்லை, விளக்கும் சிவப்பாகவே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகவே அந்தப் பெட்டி விஷயமாக அவனுக்கு எழுத வேண்டாம். ஆனால் கடைப் பலகையை மாற்றச் சொல்லியிருக்கிறேன், 'தம்பி அண்ணன்' என்று. கூடவே கூடாது, அண்ணன்தான் முதலில் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இதில் மட்டும் பெரியவர் சொல்வதைக் கேள் என்று அவனுக்கு நாலு வரி எழுதுங்கள். நான் எழுதச் சொன்னதாகத் தெரியவே கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.