பன்னிரண்டாம் நம்பருக்கு வழியனுப்பு விழா

பொதுமக்கள் நலன் கருதி, பன்னிரண்டாம் நம்பர் பஸ் அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படுவதாகப் போக்குவரத்து அலுவலகம் அறிவித்தது. நலன் கருதப்பட்ட பொதுமக்கள் இனி வேலைக்கு நாலு மைல் நடக்க வேண்டும்.

அந்த ஊரில் ஒரு தையல்காரி இருந்தாள். முழங்கால் வலியோடு தினமும் அந்த பஸ்ஸில்தான் தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். தொழிற்சாலைக்கு எதிரேதான் அந்த அலுவலகமும். சனிக்கிழமை அதன் வாசலில் போராட்டம் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். ஒருத்தர் விடாமல் "கண்டிப்பா வர்றோம்" என்றார்கள்.

வந்தது அவளும் அவள் நாத்தனாரும். பாதுகாப்புக்கு எட்டு போலீஸ்காரர்கள். "கூட்டம் உடனே கலைந்து செல்லவும்!" என்று ஒலிபெருக்கி அலறியது.

"அண்ணி, முதல்ல நான் கலையட்டுமா, நீங்க கலையறீங்களா?" என்றாள் நாத்தனார்.

திரும்பி வந்து தையல்காரி பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனைப் பிடித்தாள்.

"ஏன் வரலை?"

"வெயிலும்மா. அப்புறம், போலீஸ் போட்டோ எடுப்பாங்க. மூஞ்சி பதிஞ்சிடும்."

"போன வாரம் கடைத் திறப்புல முன்னாடி நின்னு பல்லைக் காட்டினீங்களே, அங்க வெயில் இல்லையா?"

"அது விழாம்மா!"

அவளுக்குப் பொறி தட்டியது. விழா என்று கூப்பிடுவோம், கூட்டம் சேர்ந்ததும் நியாயத்தைக் கேட்போம். மறுநாளே சுவரொட்டி ஒட்டினாள்: 'பன்னிரண்டாம் நம்பருக்கு மாபெரும் வழியனுப்பு விழா. பாண்டு வாத்தியம். பஸ்ஸோடு செல்ஃபி.'

அதே அலுவலக வாசல், அதே வெயில். மூவாயிரம் பேர். எலக்ட்ரீஷியன் புதுச்சட்டையில் வந்தார். கூட்டத்தைக் கண்ட போக்குவரத்து அலுவலக மேலாளர் பூங்கொத்தோடு மேடையேறினார்.

தையல்காரி மைக்கைப் பிடுங்கி, "பஸ்ஸை நிறுத்தாதீங்க! நாங்க எப்படிய்யா வேலைக்குப் போறது?" என்று கத்தினாள்.

கைதட்டல் காதைப் பிளந்தது. அதையே ஜாடையாக எடுத்துக்கொண்டு பாண்டு முழங்கியது. ஜனங்கள் ஆடினார்கள்.

மேலாளர் கண் கலங்கிவிட்டார். "எத்தனையோ பஸ்ஸை நிறுத்தியிருக்கேன். இப்படி ஒரு ஒத்துழைப்பைப் பார்த்ததில்லை. உங்க விருப்பத்துக்கு மதிப்பளித்து, அடுத்த மாதம்வரை காக்க வைக்காமல், பஸ் இன்றோடு நிறுத்தப்படுகிறது!"

மூவாயிரம் பேரும் விசிலடித்தார்கள். பஸ் காலியாகக் கிளம்பிப் போனது. ஊரே வீட்டுக்கு நடந்தது.

தையல்காரி முழங்காலைப் பிடித்தபடி கடைசியாக வந்தாள். எலக்ட்ரீஷியன் அவளுக்காக நின்றார்.

"பிரமாதம்மா! அடுத்து ஆஸ்பத்திரியை மூடறாங்களாம். நீங்கதான் முன்னாடி நின்னு நடத்தணும்."

"போராட்டமா?" ஆசையோடு நிமிர்ந்தாள்.

"அட போங்கம்மா. விழா! வாணவேடிக்கை வைங்க."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தாள். அவள் பேசியதற்கு மூவாயிரம் பேர் கைதட்டியது காதுக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எந்தத் தேதி மூடறாங்க?" என்று கேட்டாள்.