குவென் ஏன் போனாள்?

புது ஆஸ்பத்திரியில் தனக்கு ஒதுக்கிய லாக்கரை லோர்னா திறந்தாள். உள்ளே ஒரு காபிக் கோப்பை, பாதி தின்ற சாக்லெட், தடித்த ஸ்வெட்டர். கதவில் இன்னும் 'குவென்' என்ற பெயர்ச்சீட்டு. மான்டானா குளிரில் ஸ்வெட்டரை விட்டுவிட்டு ஓடுகிற அளவுக்கு இந்த ஆஸ்பத்திரியில் என்ன நடந்திருக்கும்?

ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போகும் நர்ஸ்கள் ஃபோன் நேர்காணலில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த இடம் ஏன் காலியானது? வேலை பிடித்துத் தந்த ஏஜென்சிக்காரன் பிரெட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். லோர்னா மறந்துவிட்டாள். ஒஹாயோவில், டொலிடோ நகரத்து இதய வார்டில், பதினெட்டு வருடம் ஒரே தாழ்வாரத்தில் நடந்தவளிடம் "எப்ப வர்றீங்க?" என்று யாரோ ஆசையாகக் கேட்டதே போதுமாக இருந்தது. நிரந்தர வேலையை உதறியாயிற்று. வீட்டையும் வாடகைக்கு விட்டாயிற்று. இந்த ஒப்பந்தம் போனால் போக இடமில்லை.

உடன் வேலை செய்யும் டெப்ராவிடம் மெல்ல விசாரித்தாள். "குவெனா? நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே மடித்திருந்த போர்வையை டெப்ரா மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

டாக்டர் திட்டியிருப்பாரோ? சுற்றி வளைத்து அவரிடமே கேட்டாள். மறுநாளிலிருந்து அவர் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

மருந்து ஏதும் காணாமல் போனதா என்று மருந்தறையில் கேட்டாள். மாலைக்குள் மருந்தறை பளபளத்தது. அவள் மேலிடம் வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று வார்டு முழுக்கப் பேச்சு. தான் வெறும் நர்ஸ்தான் என்று லோர்னா ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னாள்.

"அப்படித்தானே சொல்லச் சொல்லியிருப்பாங்க" என்று டெப்ரா ஒரு துண்டு கேக்கை நீட்டினாள்.

கடைசியில் வார்டு மேலாளர் மார்லீன் கூப்பிட்டாள்.

"உங்கள நர்ஸ் வேலைக்கு எடுத்தேனா, துப்பறியவா? இன்னொருத்தர்கிட்ட வாயத் திறந்தீங்க, ஒப்பந்தம் அன்னைக்கே ரத்து."

கைகழுவும் தொட்டியில் லோர்னா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். குவெனைப் பற்றியா அவளுக்குத் தெரிய வேண்டும்? தான் வேலையை உதறிவிட்டு வந்தது பைத்தியக்காரத்தனமா இல்லையா என்றுதான். அதை யாரிடம் கேட்பது? இனி எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள்.

மதியம் கேன்டீனில் வாயை மூடிக்கொண்டு தட்டை நீட்டினாள். பரிமாறிய ட்வைலா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"நீங்க டொலிடோதானே? குவென் எங்க அண்ணி. இங்க சம்பளத்த ஏத்தித் தரச் சொல்லிக் கேட்டா, மார்லீன் முடியாதுன்னுட்டாங்க. அன்னைக்கே போட்டது போட்டபடி கிளம்பிட்டா. அதைப் பத்திப் பேசக்கூடாதுன்னு எல்லாருக்கும் உத்தரவு. இப்ப உங்க ஊர்லதான் இருக்கா, ஒப்பந்தத்துல, ரெட்டைச் சம்பளம்."

"எந்த வார்டு?" என்று கேட்டுவிட்டாள் லோர்னா.

"இதய வார்டு. அங்க யாரோ ஒருத்தி பதினெட்டு வருஷ வேலையப் போட்டுட்டு ஓடிட்டாளாம். ஏன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்கலையாம், அண்ணி பயந்து சாகறா. உங்களுக்கு ஏதாவது தெரியுமாக்கா?"