டவுன்லோடு சித்தரின் தத்துப்பிள்ளைகள்

செங்கம் ரோட்டில் டவுன்லோடு சித்தர் அருள்பாலிக்கத் தொடங்கியதும், பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு மட்டும் வியாபாரம் பார்த்த டீக்கடைக்காரர் தினமும் இரண்டு கேன் பால் வாங்க ஆரம்பித்தார். அவ்வளவு கூட்டம்! யாரும் குழந்தை வரம் கேட்டு வரவில்லை. போனில் ஆப் செய்துவிட்டு, அதை யாரும் சீந்தவில்லையே என்று கண்கலங்கி வந்தவர்கள். எல்லாம் படித்தவர்கள். ஒருவர் தங்கப் பதக்கத்தையே கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வேங்கிக்கால் இளவரசனும் மனைவி அன்புச்செல்வியோடு வரிசையில் நின்றான். இருவரும் எட்டு மாதம் மெனக்கெட்டு ‘செருப்பு எங்கே’ என்று ஓர் ஆப் செய்திருந்தார்கள். ஊர்ப் பெரிய கோயிலின் நான்கு வாசலில் எங்கே செருப்பைக் கழற்றினோம் என்பதை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஊருக்கு உபயோகமான சாமான்தான். டவுன்லோடு செய்தவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் முப்பது பேர் சொந்தக்காரர்கள். இளவரசனுக்கு நெஞ்சு வெந்தது.

சித்தரின் வைத்தியம் எளிது. ஆப்பின் பெயரைச் சீட்டில் எழுதித் தட்டில் வைத்தால், தட்டு திரைக்குப் பின்னால் போகும். இங்கே போனின் மேல் எலுமிச்சம்பழம் உருளும். கால் மணியில் எண்ணிக்கை எகிறும். அப்புறம் ஆப்பைச் சித்தருக்குத் தத்து கொடுக்க வேண்டும். தோஷமுள்ள பிள்ளையைச் சாமிக்குக் கொடுத்துத் தவிட்டுக்கு மீட்பதில்லையா, அதே முறை. நாற்பத்தெட்டு நாள் உரிமை அவர் பெயரில் என்று பத்திரம் எழுத வேண்டும். தத்துப் போன ஆப் ஒன்றுகூட வீடு திரும்பியதாகச் சரித்திரமில்லை. விசாரிக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

“எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நம்ம கையில இன்னாங்க இருக்கும்?” என்றாள் அன்புச்செல்வி.

“சும்மா இரு செல்வி. நம்பிக்கை கம்மியானா பலிக்காது.”

அவள் சும்மாதான் இருந்தாள். பின்னால் நின்ற போளூர் காசியிடம் மட்டும் ஏதோ குசுகுசுத்தாள். காசி ஆட்டு வியாபாரி. ஆடு விற்க ஆப் செய்து ஒன்பது டவுன்லோடு பார்த்தவர்.

அவர்கள் முறை வந்தது; சித்தர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் எழுதிய சீட்டு உள்ளே போனது, பழம் உருண்டது. கால் மணி கழிந்தும் ‘செருப்பு எங்கே’ நாற்பத்தொன்றிலேயே நின்றது. இளவரசன் முகம் செத்துவிட்டது.

“ஐயோ! என் ஆட்டு ஆப்பு முந்நூறைத் தாண்டிடுச்சு!” என்று அலறினார் காசி. “எனக்கு இன்னும் பூஜையே பண்ணலியே!”

அன்புச்செல்வி எழுந்தாள். “சாமி, பூஜை பண்ணது எங்க போனுக்கு. சீட்டுல மட்டும் இந்தக் காசி அண்ணன் ஆப்பு பேரை எழுதினேன். எது எங்களுதுன்னு ஈசனுக்குத் தெரியாதா? சீட்டைப் படிச்சுப் பாத்துத்தான் வரம் தர்றாரா?”

சித்தர் கண்ணை மூடினார். “கிரகம் இடம் மாறிடுச்சும்மா.”

“எங்க மாறிச்சுன்னு பாத்துடலாம்” என்று காசி திரையைப் பிடித்து இழுத்தார்.

உள்ளே அலமாரி நிறையப் பழைய போன்கள். இரண்டு சீடர்கள் ஒவ்வொன்றிலும் ஆட்டு ஆப்பை டவுன்லோடு செய்து வியர்க்க வியர்க்கத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அடுத்த சீட்டு குடுங்க” என்று கையை நீட்டினான்.

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. சித்தர் கொல்லைப்பக்கமாக நழுவினார். கையெழுத்துப் போடத் தயாராக வைத்திருந்த தத்துப் பத்திரத்தை இளவரசன் சுக்குநூறாகக் கிழித்தான்.

“இனிமே இன்னா பண்றது செல்வி?”

“நாளைக்குப் பௌர்ணமி. கோபுர வாசல்ல எத்தினி பேரு செருப்பைக் காணோம்னு நிப்பாங்க! அவங்ககிட்ட போயி காட்டலாம் வாங்க.”

பதக்கக்காரர் மட்டும் நகரவில்லை. “வேலூர்ல இவரை விட சக்தி ஜாஸ்தியா ஒருத்தர் இருக்காராமே?” என்று டீக்கடையில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஐயா, உங்கள் ஆப்பை ஊரே திறக்க வேண்டும் என்று ஆசைப்படுங்கள், தப்பில்லை. அதற்கு முன், கழுத்துக்கு மேலே சும்மா கிடக்கிறதே, அதை ஒரு தடவை நீங்கள் திறந்து பாருங்கள்!