ஐம்பத்து நாலு படியும் பதினைந்து நிமிடமும்

"ஒரு மணி நாற்பது நிமிஷம்" என்றாள் மனைவி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "நம்ம கட்டடச் சங்கக் கூட்டத்துல உங்களுக்குக் குடுத்திருக்கறது பதினஞ்சு நிமிஷம்."

ஸ்டோர்கீப்பர் பீரோ கண்ணாடியிலிருந்து திரும்பினார். பேசிப் பேசிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"முன்னுரையைக் கொஞ்சம் சுருக்கிட்டா சரியாப் போயிடும்."

"முன்னுரையே அரை மணி. லிஃப்டைக் கண்டுபிடிச்சது யாருன்னு அவங்களுக்கு எதுக்கு?"

"எடுத்த எடுப்புல விஷயத்துக்கு வந்தா மரியாதையா இருக்காதே."

"அப்போ பதினஞ்சு நிமிஷமும் மரியாதையிலேயே போயிடும். லிஃப்ட் வராது" என்று சொல்லிவிட்டு அவள் விடைத்தாள் கட்டைப் பிரித்தாள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். யாருக்கும் அரை மார்க்கூடச் சும்மா போட்டுப் பழக்கமில்லாதவள்.

ஸ்டோர்கீப்பருக்குப் பேச்சு வராது. தப்பு அவர் மேல் இல்லை. டயர் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக அவர் பேசியதெல்லாம் மூன்றே விஷயம்: "இருக்கு", "இல்லை", "வியாழக்கிழமை வாங்க." இதை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் நிம்மதியாகக் காலம் தள்ளிவிடலாம், மூன்றாவது மாடியில் வீடு வாங்காமல் இருந்தால்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நாலு படி. வீடு வாங்கிய புதிதில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியவர்தான். இப்போது வலது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகச் சண்டைக்கு வருகிறது. மூட்டு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்: "லிஃப்ட் வைங்க. இல்லேன்னா வீட்டை மாத்துங்க." வீட்டை மாற்றுவதை நினைத்தாலே ஸ்டோர்கீப்பருக்கு அழுகை வந்தது. அந்தச் சுவர்களில் இருக்கும் ஒவ்வோர் ஆணியும் அவர் கையால் அடித்தது.

லிஃப்ட் கம்பெனிக்காரர் வந்து பார்த்து, வெளிச்சுவரை ஒட்டிக் கூண்டு எழுப்பலாம் என்றார். ஆனால் பொதுச்சுவரை உடைக்க வேண்டியிருப்பதால் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் போச்சு. பதினோரு பேரைப் பற்றிக் கவலையில்லை. தரைத்தளத்துப் பல் டாக்டர்தான் சிக்கல். புதுத் தண்ணீர்த் தொட்டியா, முடியாது. வாசலுக்கு ஒரு விளக்கா, முடியாது. கட்டடத்தில் அவருக்குப் பெயரே "முடியாது சார்". ஒரு படிகூட ஏறாத மனிதர் லிஃப்டுக்கு எதற்குத் தலையாட்டப் போகிறார்?

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. இன்று திங்கள்.

செவ்வாயன்று ஸ்டோர்கீப்பர் பேச்சைச் சுருக்க உட்கார்ந்தார். எந்த வார்த்தையையும் வெட்ட மனம் வரவில்லை. அதனால் வேகத்தைக் கூட்டினார். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. முடிந்த கையோடு பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, "வீட்டுல ஏதாவது சண்டையா டீச்சர்?" என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார்.

புதனன்று மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்பவன். குழாயில் தண்ணீரே வராத வீட்டிலும் ஒன்றை விற்றுவிட்டு வந்தவன் என்று பேர். பேச்சை முழுதாகக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இதுல உயிரே இல்லை மாமா. படம் போட்டுக் காட்டுங்க. உங்க முழங்கால் எக்ஸ்ரேயை முதல் படமாப் போட்டீங்கன்னா கல்லும் கரையும். அக்கா ஸ்கூல்ல புரொஜக்டர் இருக்குல்ல?"

ஸ்டோர்கீப்பருக்கு இது பிடித்துப்போனது. படம் போட்டால் தன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் அல்லவா? வியாழக்கிழமைக்குள் நாற்பத்து மூன்று படங்கள் தயார். எல்லாவற்றிலும் வரிசை எண், விவரம், குறிப்பு என்று கிடங்குப் பதிவேடு மாதிரியே கட்டம் கட்டியிருந்தார்.

"படத்துல இருக்கறதையே நீங்களும் படிக்கறீங்களே, அவங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" என்றாள் மனைவி. "அதுவும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு."

"அதெல்லாம் சரி பண்ணிடலாம் அக்கா" என்றான் மச்சினன். "கேள்வி நேரம்தான் ஆபத்து. அங்கதான் எல்லாரும் கவுந்துடறாங்க. யாராவது முடியாது சார் மாதிரி உட்கார்ந்து மடக்கணும். மாமா சமாளிச்சுப் பழகணும்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்கு இன்னும் நாற்பது பேப்பர் திருத்தணும்."

"அஞ்சே நிமிஷம்" என்று கெஞ்சினார் ஸ்டோர்கீப்பர். "நீதான் முடியாது சார். ஈவு இரக்கமே பார்க்காதே."

அவள் பேனாவை மூடி வைத்தாள். மூக்குக்கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்கி, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "முடியாது" என்றாள். அச்சு அசல் பல் டாக்டர். ஸ்டோர்கீப்பர் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார்.

"முதல் கேள்வி. கட்டி முடிக்கற வரைக்கும் வாசல் பூரா மண்ணும் சிமெண்டும் கிடக்கும். நான் எப்படி வெளிய போறது?"

"அது... வந்து..."

"ரெண்டாவது. கரண்ட் போய் உள்ள மாட்டிக்கிட்டவங்களை யாரு வெளிய எடுப்பாங்க?"

"அது கம்பெனிக்காரங்க..."

"எந்தக் கம்பெனிக்காரங்க? ராத்திரி பகல் இங்கயே படுத்திருப்பாங்களா?"

ஸ்டோர்கீப்பர் பரிதாபமாக மச்சினனைப் பார்த்தார். அவன் தொழில் ரகசியத்தை எடுத்து விட்டான்.

"பதில் தெரியலேன்னா முழிக்காதீங்க மாமா. 'நல்ல கேள்வி'ன்னு சொல்லிட்டுச் சிரிங்க. கேட்டவங்களுக்கு மனசு குளிர்ந்துடும். பதில் வரலேங்கறதையே மறந்துடுவாங்க."

"மூணாவது" என்றாள் மனைவி. "கூண்டு அடுப்படி ஜன்னலை மறைச்சுக்கிட்டு நிக்கும். வர்ற வெளிச்சமே அது ஒண்ணுதான். கட்டடத்துக்குப் பின்பக்கம் வெச்சா என்ன?"

"இதை முடியாது சார் கேக்க மாட்டார்" என்றார் ஸ்டோர்கீப்பர். "அந்தச் சுவர்ல ஜன்னல் இருக்கறது நம்ம வீட்டுக்கு மட்டும்தான். அவர் கேக்கற மாதிரி கேளு."

"கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நல்ல கேள்வி" என்று சொல்லிச் சிரித்தார்.

"அருமை மாமா!" என்று மச்சினன் கைதட்டினான். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, திரும்பவும் பேப்பர் கட்டை இழுத்துக்கொண்டாள்.

இந்த "நல்ல கேள்வி" ஸ்டோர்கீப்பரைப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலையில் மனைவி, "மோட்டார் ரிப்பேர்காரருக்குப் போன் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டபோது, "நல்ல கேள்வி" என்றார். கிடங்கில் ஒரு லாரிக்காரர், "பதினஞ்சு நாளா அலையறேன், என் டயர் எங்க?" என்று கத்தியபோதும் அதையே சொல்லிச் சிரித்தார். லாரிக்காரருக்கு மனசு குளிரவில்லை. மேனேஜர் வந்து சமாதானம் செய்ய அரை மணி நேரம் ஆனது.

ஆனாலும் பயிற்சியை விடவில்லை. வெள்ளி மாலை மறுபடியும் ஒத்திகை. மனைவி அதே மூன்று கேள்விகளைக் கேட்டாள். சனிக்கிழமையும் கேட்டாள். அதற்குள் ஸ்டோர்கீப்பர் நன்றாகத் தேறியிருந்தார். அவள் மூன்றாவது கேள்வியில் "ஜன்னல்" என்று தொடங்கும்போதே "நல்ல கேள்வி" வந்து விழுந்தது. பேச்சும் பதினாறு நிமிடத்துக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் மனைவி தனக்கு இவ்வளவு உதவியாக இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. கட்டடத்துக்கு அடியில் வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே வெள்ளைப் படுக்கை விரிப்பு கட்டித் தொங்கியது. முதல் வரிசையில் முடியாது சார், கால் மேல் கால்.

முதல் படமாக எக்ஸ்ரே விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்றும் வந்தது. விரிப்பு அசைய அசைய, அதிலிருந்த முழங்கால் மடங்கி மடங்கி நீண்டது.

"நல்லாத்தானே மடங்குது?" என்றது பின்வரிசை.

மச்சினன் ஓடிப்போய் விரிப்பின் அடியில் இரண்டு செங்கல்லைக் கட்டினான். கனம் தாங்காமல் விரிப்பு நடுவில் கிழிந்தது. கிழிசல் தெரியாமல் இருக்கப் படத்தைச் சுவரில் விழ வைக்கலாம் என்று ஸ்டோர்கீப்பர் புரொஜக்டரைத் திருப்பினார். எக்ஸ்ரே முடியாது சாரின் வழுக்கைத் தலையில் விழுந்தது. பதறிப்போய் இன்னும் கொஞ்சம் இழுத்தார். ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். அதோடு புரொஜக்டர் கண்ணை மூடிவிட்டது.

ஸ்டோர்கீப்பருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பத்து மூன்று படங்களும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. மனப்பாடம் செய்த பேச்சு எந்தப் படத்துக்கு எந்த வாக்கியம் என்பதோடு சேர்ந்து காணாமல் போனது. இருபது பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாது" என்றார். "நான் டயர் எண்ணறவன். தினமும் இந்த அம்பத்து நாலு படியையும் எண்ணிக்கிட்டேதான் ஏறறேன். முப்பத்தாறு ஏறினதும் ரெண்டாவது மாடியில உட்கார்ந்துடுவேன். நீங்க யாராவது வந்தா, குனிஞ்சு ஷூ லேஸ் கட்டற மாதிரி நடிப்பேன்."

குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"நான் போடறது செருப்பு."

யாரோ குபீரென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"இது நாங்க ஆசைப்பட்டு வாங்கின வீடு. ஏற முடியலேன்னு விட்டுட்டுப் போகணுமேன்னு கஷ்டமா இருக்கு. அவ்வளவுதான்" என்று முடித்தார். மொத்தமே மூன்று நிமிடம்.

கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். ஸ்டோர்கீப்பர் முதல் வரிசையைப் பார்த்து, "கேள்வி ஏதாவது...?" என்றார்.

முடியாது சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார்.

மூன்றாவது வரிசையில் மனைவியின் கை உயர்ந்தது. மூன்று நாள் பழக்கம் விடவில்லை பாவம் என்று நினைத்து, "ஒத்திகை முடிஞ்சுபோச்சும்மா" என்றார் ஸ்டோர்கீப்பர். கூட்டம் இன்னொரு தடவை சிரித்தது. அவளும் கையை இறக்கிக்கொண்டாள்.

சங்கச் செயலாளர் முதல் மாடித் தையல்காரம்மா. வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்தார். வேண்டும், வேண்டாம் என்று எழுத வேண்டும். வேண்டாம் என்றால் காரணம், கீழே கையெழுத்து. சண்டை வரக்கூடாது என்பதற்காக எண்ணிக்கையை மட்டும் சொல்வது, பெயரைச் சொல்வதில்லை என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஸ்டோர்கீப்பரை நாலு பேர் சூழ்ந்துகொண்டு கை குலுக்கிக்கொண்டிருந்ததால், அவர் வீட்டுச் சீட்டை மனைவியே வாங்கி எழுதிப் போட்டுவிட்டு, பேப்பர் பாக்கியிருக்கிறது என்று மாடிக்குப் போய்விட்டாள்.

தையல்காரம்மா இரண்டு முறை எண்ணினார்.

"வேணும், பதினொண்ணு. வேண்டாம், ஒண்ணு."

ஸ்டோர்கீப்பருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முழங்காலை மறந்து நேராக முதல் வரிசைக்குப் பாய்ந்தார்.

"கண்ணாடியைத் தொடைக்கற மாதிரி தொடைச்சு, சிரிச்சுக்கிட்டே கழுத்தறுத்துட்டீங்களே டாக்டர்!"

"நானா?" முடியாது சார் துள்ளி எழுந்தார். "வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒரு விஷயத்துக்குச் சரின்னு எழுதியிருக்கேன் ஐயா! எழுதறப்போ கையே கூசிச்சு!"

"பொய்!"

"மாமா, விடுங்க மாமா" என்று மச்சினன் குறுக்கே விழுந்தான். "செயலாளரம்மா, அந்தச் சீட்டைப் படிச்சுடுங்க. இல்லேன்னா இங்க பல்லு உடையும்."

"உடைஞ்சா நானே கட்டிக்கறேன். நீங்க படிங்க" என்றார் முடியாது சார். "இன்னிக்கு என் மானம் போகுது."

தையல்காரம்மா தயங்கினார். ஸ்டோர்கீப்பரைப் பார்த்தார். பிறகு டப்பாவிலிருந்து அந்த ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"'லிஃப்டுக்கு நான் எதிரி இல்லை. ஜன்னலை மறைக்காமல் பின்பக்கம் வைத்தால் என்ன என்று மூன்று நாளாகக் கேட்கிறேன், பதில் வரவில்லை'ன்னு எழுதியிருக்கு சார். மூணாவது மாடி, நம்ம டீச்சரம்மா கையெழுத்து."