மேகம் சுருட்டும் காற்றாலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன், போனை எடுத்திருந்தால் கேட்டே தெரிந்துகொண்டிருப்பேன்.

போன மாதம் ஒரு மதியம், சாப்பிட்ட களைப்பில் மொட்டை மாடியில் நாற்காலி போட்டுச் சாய்ந்திருந்தேன். தூரத்து மலையில் அந்தப் பழைய காற்றாலை சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அதன் பின்னால் ஒரு மேகம் வந்தது, வந்தது மெலிந்துகொண்டே போய்க் காணாமல் போனது, எனக்கோ கண் சொக்குகிறது, நூல் மில்லிலேயே காலம் தள்ளியவன் இல்லையா, மேகம் நூலாகி அந்தக் காற்றாலையில் ஏறிக்கொண்டிருப்பதாகவே தோன்றியது. அந்தச் சுகத்திலேயே நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், "பாபின்ல நூல் ஏறுற மாதிரி மேகத்தைச் சுருட்டுதே, அதான் மழை இல்லையோ" என்று போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன்.

சில நாள் கழித்து வேறொரு குழுவிலிருந்து, கண்ணாடி போட்ட ஒருவர் படத்தோடு, "மூத்த விஞ்ஞானி எச்சரிக்கை: பாபினில் நூல் ஏறுவதுபோல மேகங்களைச் சுருட்டும் காற்றாலைகள்" என்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரைத்தூக்கத்தில் நான் நினைத்ததையே ஒரு படித்த மனுஷர் கண்டுபிடித்திருக்கிறாரே என்று எல்லோருக்கும் அனுப்பினேன். ஊர் ஊராகப் போய்க் காற்றாலையைப் பற்றி விளக்குவதையே வேலையாக வைத்திருக்கிற உனக்கும் அனுப்பினேன். "விஞ்ஞானிக்கு பாபின் எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாயே, அப்போதுதான் உறைத்தது, நான் போட்டதே கண்ணாடி மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது என்று.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லோரும் சம்மதித்தால்தான் நம் பின்பக்க மலையில் புதுக் காற்றாலை வரும், நீயும் மாற்றலாகி இங்கேயே வருவாய். அம்மா உன் அறையை ஒட்டடை அடித்து ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். அதை நானே கெடுத்துவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் நம்ம பல் டாக்டர்தானே, பல்லைக் காட்டுகிற சாக்கில் அவர் கிளினிக்குக்கே போய், "அது நான் தூக்கக் கலக்கத்துல போட்டதுங்க" என்றேன். "விஞ்ஞானியே சொல்லிட்டாரு, நீங்க பொண்ணுக்காகப் பேசுறீங்க, எனக்குப் புரியாதா? வாயைத் திறங்க" என்று பஞ்சை வைத்து அடைத்துவிட்டார். அதற்கப்புறம் நான் சொன்ன மறுப்பு எனக்கே விளங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிடறேன்மா, கோவிச்சுக்காதே. பொய்னு தெரிஞ்சப்புறமும் மாடிக்குப் போய் உட்கார்ந்தா, அது மேகத்தைச் சுத்துற மாதிரிதான் இருக்கு. அவ்வளவு அழகா இருக்கு. அழகா இருக்கிறதை நம்பாம இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்க ஆபீஸ்ல யாராவது யோசிச்சாங்களா? ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராகக் காட்டுகிற உன் விளக்கப் படங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு அவசியம் வா. நான் எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு ஒத்துக்கறேன்.

வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நல்லா இரு.

உன் அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் குழுவில் புதுச் செய்தி. காற்றாலை சுற்றும் இடத்தில் கொசு அண்டாதாம், வெளிநாட்டு ஆய்வாம். பல் டாக்டர் உட்பட மொத்தக் குடியிருப்பும் சம்மதம் சொல்லிவிட்டது. யார் கிளப்பியது என்று பார்த்தால், உன் அம்மா. கேட்டதற்கு, "பொண்ணு பக்கத்துல இருக்கட்டும்னு போட்டேன்" என்கிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து வராதே. வந்தால் இதுவும் பொய் என்று சொல்லிவிடுவாய். வளர்த்தவர்களுக்குத் தெரியாதா?