தாமோதரன் இந்தியாவில் இல்லை

“நீங்க இந்தியாவுல இல்ல சார்” என்றார் வங்கி மேலாளர் சதாசிவம்.

தாமோதரன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். செருப்பு செங்கல்பட்டில்தான் இருந்தது. அதற்குள் அவர் கால்களும் இருந்தன.

“எதிர்ல நிக்கிறேனே சார், இன்னா பேசறீங்க?”

“நீங்க நிக்கறது வேற, ஃபைல் சொல்றது வேற.” சதாசிவம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் எந்த மனிதரையும் கண்ணாடி வழியாகப் பார்த்ததில்லை. அதற்கு மேலாகத்தான் பார்ப்பார். “வீட்டுக்கே ஆள் போய் விசாரிச்ச ரிப்போர்ட் இது. ‘விண்ணப்பதாரர் மஸ்கட்டில் வசிக்கிறார்.’ ஊர்ல இல்லாதவருக்கு பர்சனல் லோன் குடுத்துட்டு, நாளைக்கு நான் ஓமான் கடல்ல தேடணுமா?”

2003, ஜூலை. பதினான்கு வருஷம் தாமோதரனை ஏ.சி. மெக்கானிக்காக வைத்திருந்த மஸ்கட் கம்பெனி, ஆறு மாதச் சம்பள பாக்கியோடு இழுத்து மூடிவிட்டது. சேமிப்பு முழுக்க கூடுவாஞ்சேரியில் கிரானைட் பதித்த வீடாக நின்றது. மகள் மானசாவின் இன்ஜினியரிங் சீட்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள் எண்பதாயிரம் கட்டியாக வேண்டும். தவறினால் சீட்டு வேறொருவருக்கு. அன்று திங்கள்.

அந்தப் புது நகரில் தாமோதரனின் முகம் யாருக்கும் தெரியாது. கிரானைட்டை எல்லோருக்கும் தெரியும். கும்பாபிஷேகக் கமிட்டி, கிரிக்கெட் குழு, சீட்டுக் கம்பெனி, மூன்று கட்சிகள் என்று ரசீதுப் புத்தகத்தோடு படையெடுத்தவர்களை அவர் வாசலில் நின்று ஒரே பதிலைச் சொல்லி, ஒரு வாரத்தில் திரும்பிப் பார்க்காமல் ஓட வைத்துவிட்டார். நாடு திரும்பியபின் அவர் கண்ட ஒரே வெற்றி அதுதான்.

செவ்வாயன்று பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் நீட்டினார்.

“வந்து இறங்கின முத்திரை இருக்கு, சரி. விசா அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கே? நாளைக்கே ஃப்ளைட் ஏறிட்டீங்கன்னா?”

“ஏறணும்னா டிக்கெட்டுக்குக்கூட கடன்தான் சார் வாங்கணும்!”

“கடன் வாங்கி டிக்கெட் எடுக்கற ஐடியா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க” என்றபடி சதாசிவம் அதையும் ஃபைலில் குறித்துக்கொண்டார்.

புதனன்று தாமோதரன் கிராம நிர்வாக அலுவலரிடம் இருப்பிடச் சான்றிதழ் வாங்கிவந்தார். அந்த நல்ல மனிதர் கேட்டதற்கு மேலேயே எழுதிக் கொடுத்திருந்தார்: ‘பிறந்தது முதல் இவ்வூரிலேயே இடைவிடாது வசித்து வருகிறார்.’

சதாசிவம் அதை இரண்டு முறை படித்தார். “அப்ப மஸ்கட்டுக்கே போகல. அப்படின்னா இந்த சம்பள சர்டிபிகேட்டெல்லாம் போலியா?”

திங்கட்கிழமை இந்தியாவில் இல்லாதவர், புதன்கிழமை மஸ்கட்டிலும் இல்லாதவராகி வீடு திரும்பினார்.

“இங்கயும் இல்ல, அங்கயும் இல்லன்னா எனக்கு விதவைப் பென்ஷனாவது குடுப்பாங்களான்னு கேட்டுகினு வாங்க” என்றாள் மனைவி சரோஜா. மானசா கல்லூரிக் கடிதத்தை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை அவர் மேஜையில் அடித்த அடியில் சதாசிவத்தின் டீ, சதாசிவத்தின் மடிக்கு வந்தது.

“பதினாலு வருஷம் மொட்டமாடி வெயில்ல வெந்து சம்பாரிச்சத இந்த பேங்குக்குத்தான்யா அனுப்பினேன்! அப்ப காலண்டர் இன்னா, டைரி இன்னா, ‘சாருக்கு காபி சொல்லுப்பா’ இன்னா! இப்ப நான் கை நீட்டினா ஆளே இல்லயா? எவன்யா அந்த ரிப்போர்ட் குடுத்தவன்? கூப்புடு அவன! என் மூஞ்சப் பாத்து சொல்லட்டும், நான் ஊர்ல இல்லன்னு!”

டோக்கனோடு காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். “கேளு சார், நல்லாக் கேளு!” என்றது பென்ஷன் வரிசை.

சதாசிவம் வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ணாடி வழியாக ஒரு மனிதரைப் பார்த்தார். நனைந்த பேண்ட் அவருக்குள் ஏதோ நியாய உணர்ச்சியைக் கிளப்பியிருக்க வேண்டும்.

“சரி. அந்த ஆள் வந்து, இவர்தான் தாமோதரன், அந்த வீட்லதான் இருக்கார்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இந்த நிமிஷமே சாங்ஷன்.” பேனாவைத் திறந்து கையெழுத்துக் கோட்டின் மேல் பிடித்துக்கொண்டு மணியை அடித்தார்.

வீட்டுக்குப் போய் விசாரித்துவந்த கடைநிலை ஊழியர் முனிசாமி உள்ளே வந்தார். அக்குளில் ஒரு நீள நோட்டு. தூரத்தில் பார்த்தால் அசல் ரசீதுப் புத்தகம். அதைக் கண்டதும் தாமோதரனின் கை மேஜையிலிருந்து தானாக இறங்கியது.

முனிசாமியின் முகம் மலர்ந்தது.

“இன்னா அண்ணாத்த, இன்னிக்கி செடிக்குத் தண்ணி ஊத்தலியா?” என்றவர், மேலாளர் பக்கம் திரும்பினார். “இவரத் தெரியாதா சார்? அந்த கிரானைட் வூட்டு வாட்ச்மேன். ஓனரு மஸ்கட்டுல கீறாருன்னு என்னாண்ட சொன்னதே இவருதான்!”