‘எதுக்கும்’ எடுத்த பூ

1962 ஜூன் 15, வெள்ளிக்கிழமை. காலையில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். பத்திரிகை படித்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றுவரை, சிராங்கூன் சாலை முழுவதிலும் தன் புத்தியை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் புத்தம்புதிதாக வைத்திருந்த ஒரே மனிதர் என் அறைவாசி ‘எதுக்கும்’தான்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. “எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்” என்று சொல்லாமல் அவர் தும்மியதுகூட இல்லை என்பதால் தெருவே அப்படிக் கூப்பிட்டது. ஜாலான் புசாரில் இரும்புக் கடை வேலை. குடை எடுக்கலாமா என்று கேட்பார். காப்பிக்கடைக்காரர் எடு என்பார். எதிர்க்கடைப் பத்தர் வேண்டாம் என்பார். இருவர் மனமும் கோணக்கூடாதென்று, குடையைக் கையில் வைத்துக்கொண்டே மழையில் நனைந்து வருவார். பல்வலிக்கு ஒருவர் கிராம்பு என்றார், ஒருவர் உப்புநீர், ஒருவர் பிராந்தி. மூன்றையும் ஒரே தம்ளரில் கலந்து குடித்தார். பல்வலி போகவில்லை, வயிற்றுவலி துணைக்கு வந்தது.

அப்படிப்பட்டவருக்குப் பெரிய சோதனை ஒன்று வந்தது. ஊரிலிருக்கும் மனைவியை இங்கே அழைத்துக்கொள்வதா, வேண்டாமா? கல்யாணமாகிப் பல வருஷம். சேர்ந்து வாழ்ந்ததோ லீவு நாட்களில் மட்டும். கப்பல் ஏஜெண்டு சனிக்கிழமை மதியத்துக்குள் பதில் கேட்டிருந்தார். இப்போது விட்டால் குடியேற்றச் சட்டம் இறுகிவிடும் என்றது ஒரு கட்சி. இந்தத் தீவு மலேசியாவோடு சேர்ந்தால் நம்மையெல்லாம் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றது மறு கட்சி. பத்திரிகைகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நின்றன.

“இருக்கற ஆளுக்கே நிச்சயமில்ல. நீ இன்னொரு ஆளக் கொண்டாறியா லா?” என்றார் காப்பிக்கடைக்காரர்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ‘எதுக்கும்’ என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அம்மன் முன்னால் பூப் போட்டுக் கேட்பதென்று முடிவு. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் அழைப்பது. வெள்ளை வந்தால் விடுவது.

கண்ணை மூடி எடுத்தார். வெள்ளை.

கை நடுங்கிவிட்டது, இது கணக்கில் சேராது என்றார். மறுபடி எடுத்தார். வெள்ளை. கால் கழுவாமல் வந்துவிட்டேன் என்று ஓடிப்போய்க் கழுவிவிட்டு வந்தார். அதற்கும் வெள்ளை. பொட்டலம் கட்டியதிலேயே கோளாறு என்று அவர் பிரிக்கத் தொடங்கியதும், அம்பாளுக்கு வேறு பக்தர்களும் இருக்கிறார்கள் என்று குருக்கள் நினைவூட்டினார்.

நான் கேட்டேன்: “ஏன்யா, மொதல்லயே சிவப்பு வந்திருந்தா இன்னொரு தடவ எடுத்திருப்பியா?”

பிரித்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

“எடுத்திருக்க மாட்டேன்ணே.”

“அப்புறம் என்ன? ஏஜெண்டுகிட்ட சொல்லிடு.”

“சொல்லிடுறேன்.” வெளியே வந்து செருப்பை மாட்டியவர் நகரவில்லை. “ஊரெல்லாம் கேட்டேன். ஒண்ண மட்டும் யார்கிட்டயும் கேக்கல. அவ வந்துட்டா நீங்க எங்கண்ணே போவீங்க?”

வெற்றிலை வாங்க வேண்டும் என்று சொல்லி முன்னால் நடந்தேன்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, அவர் விழிப்பதற்குள், ஜாலான் புசார் பக்கம் எனக்கு வாடகைக்கு ஒரு கட்டில் இடம் பார்த்துவிட்டு வந்தேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.